கண்ணாடிப் பசையில் நின்ற முருகன்

கண்ணப்பனின் வண்டி எவ்வளவு நீளம் என்றால், அதன் மூக்கு ஒரகடம் கூட்ரோட்டு சிக்னலில் நிற்கும்போது வால் இன்னும் வல்லக்கோட்டையில் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இது மிகை. வால் அதற்குள் வல்லக்கோட்டையைத் தாண்டியிருக்கும்.

ஸ்டேஷன் வேகன் என்று அந்த வகைக்குப் பெயர். முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் ஒரு சின்ன அறை. டிக்கி என்று தனியாகக் கிடையாது. பின் சீட்டுக்கு அப்பாலும் கூரை நீண்டுகொண்டே போய் ஒரு கண்ணாடிக் கதவில் முடியும். குடும்பத்தோடு படுக்கை, பாத்திரம், ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகலாம். வெளிநாட்டு மேனேஜர் ஒருவர் ஆசைப்பட்டு வரவழைத்த வண்டி அது. அவருக்குக் கண்ணப்பன்தான் டிரைவர். தன் நிலத்தின் மேலேயே எழும்பிய கம்பெனியின் கேட்டில் தினமும் ஹார்ன் அடித்து, வாட்ச்மேனிடம் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போன மனிதர் அவர். மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது வண்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல், கேட்ட விலைக்குக் கண்ணப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அந்த வண்டியைச் செய்த கம்பெனியும் நாட்டை விட்டே போய்விட்டது. வண்டி மட்டும் போகவில்லை.

அது நின்றதும் இல்லை. என்றைக்காவது நிற்கும் என்று நம்பி கூட்ரோட்டில் ஒரு மெக்கானிக் பட்டறை போட்டார். காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அதை பிரியாணிக் கடையாக மாற்றிவிட்டார். பிரியாணி வாங்கக் கண்ணப்பன் அந்த வண்டியில்தான் போவார். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷம், குன்றத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்ற வண்டி வெள்ளத்தில் மிதந்துபோய், ஒரு பள்ளிக்கூட மதிலோரம் இரண்டு பஸ்களுக்கு நடுவே, கோடு போட்டதுபோல் நேராகப் போய் நின்றது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. வைப்பரைப் போட்டபோது அதில் ஒரு கெண்டை மீன் இடமும் வலமுமாகப் போய் வந்தது. மீனைச் சாப்பிட்டவர்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

இப்படி எதிலும் ஏமாற்றாத வண்டியைப் பார்த்துத்தான் கண்ணப்பன் பயப்பட ஆரம்பித்தார்.

காரணம், டாஷ்போர்டில் நின்ற முருகன்.

ஒரு சாண் உயரப் பித்தளை முருகன். மயிலோடு, கையில் வேலோடு, வல்லக்கோட்டைக் கடைவீதியில் ரத்னா பார்த்துப் பார்த்து வாங்கியது. ரத்னா கண்ணப்பனின் மனைவி. முதலில் முருகனை டேப் போட்டுத்தான் ஒட்டினார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் மயிலோடு சேர்ந்து ரத்னாவின் மடியில் வந்து விழுவார். அவளும் ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்து வைப்பாள். இதைப் பார்த்துச் சலித்துப்போய் மகன் நிலவன் ஒரு நாள் தன் வேலை இடத்திலிருந்து பசை கொண்டுவந்தான்.

நிலவனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனியில் வேலை. லைனில் வரும் கார்களுக்கு முன்கண்ணாடி வைப்பது அவன் ஸ்டேஷன். கண்ணாடியின் ஓரம் முழுக்கக் கறுப்பாக ஒரு பசை சுற்றியிருக்கும். அது காய்ந்துவிட்டால் கண்ணாடியும் காரின் எலும்பும் ஒன்றாகிவிடும். தூக்கி எறியப்போன ஒரு குழாயின் அடியில் மீந்ததைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துவந்தான். டாஷ்போர்டின் இடது பக்கம் தட்டையாக, சமமாக, முருகனுக்கென்றே செய்ததுபோல ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே பசையைப் பிதுக்கி, முருகனை நிறுத்தி, பீடத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டான்.

"எம்மா, இனிமே வண்டியே கவுந்தாலும் உன் முருகன் கவுற மாட்டாரு."

பசை காய்ந்தது. அவன் கட்டைவிரல் ரேகை அதிலேயே நின்றுவிட்டது.

அந்த இடம் ஏன் அவ்வளவு சமமாகக் காலியாக இருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. அதில் சின்னதாக ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. அதன் மேல்தான் மயில் நின்றது. காரே செய்கிற ஊரில் இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கலாம். காரே செய்கிற ஊரில்தான் தெரியாமல் போகும். லைனில் நிற்கிறவனுக்குத் தன் ஸ்டேஷன் தெரியும். அடுத்த ஸ்டேஷனில் எதை மாட்டுகிறார்கள் என்பது அவனுக்கு வேறு ஜில்லாவின் மழைச் செய்தி. கண்ணாடி வைக்கிறவனுக்குக் கண்ணாடி. ஒயர் கட்டுகிறவளுக்கு ஒயர். நிலவனின் மனைவி மெர்சி அப்போது ஒயர்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒட்டிய அதே ஆடி மாசத்திலேயே நிலவன் போய்விட்டான். ஷிப்ட் முடிந்து வரும்போது ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற டிரெய்லரில் பைக்கோடு போய் முட்டினான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அந்த ரோட்டில் அப்படி நிற்கும் டிரெய்லர்களை எண்ணிக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும்.

சாவு வீட்டில் ரத்னா மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் பூடாதடி" என்று ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். மெர்சி போகவில்லை. அவளுடைய அண்ணன்மார் வந்து கூப்பிட்டும் போகவில்லை. மாமனார் வீட்டிலேயே இருந்து வேலைக்குப் போனாள். பிறகு கம்பெனி மாறினாள். புதுக் கம்பெனியில் காருக்கு ஏர்பேக் செய்தார்கள். மோதினால் டாஷ்போர்டுக்குள்ளிருந்து வெடித்து உப்பி, ஆள் முகத்தைத் தாங்குகிற காற்றுப் பை. அதன் மேல்மூடியைச் சரிபார்ப்பது மெர்சியின் ஸ்டேஷன்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை, இது மூடி."

"இன்னா மூடி?"

"ஏர்பேக் மூடி. நம்ம முருகன் அது மேல நிக்கிறாரு. பை வெடிச்சா மூடி தெறிச்சி தொறக்கும். முருகன் நேரா உங்க மூஞ்சிக்கு வருவாரு."

ரத்னா முந்தானையால் முருகனின் வேலைத் துடைத்தாள். வேலின் நுனி சரியாக அவள் நெற்றிக்கு நேரே இருந்தது.

"உனுக்கு அந்தோணியாரு. எனுக்கு முருகன். உன் அந்தோணியாரை நான் எடுன்னு சொன்னனா? அவரு பாட்டுக்கு செவுத்துல கீறாரு."

"செவுத்துல வெடி இல்ல அத்தை."

"கம்முனு போய் சோறு வடி, போ."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இதற்கிடையே ரத்னாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். கண்ணப்பன் ஓட்டுவார். ரத்னா முன்சீட்டில், முருகனுக்கு எதிரே உட்கார்ந்து, பசையில் பதிந்த மகனின் விரல்மேல் தன் விரலை வைத்துக்கொண்டே போவாள். பெல்ட் போட மாட்டாள். போடச் சொல்லி வண்டி கூவிக்கொண்டே வரும். அதைக் கூவவிட்டுக்கொண்டே வருவாள்.

*

மெர்சியின் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை ஃபேமிலி டே வைப்பார்கள். வேலை செய்கிறவர்களின் வீட்டாரைக் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, கையில் ஒரு டிபன் பாக்ஸைக் கொடுத்து, இவ்வளவு நாளும் பிள்ளைகளை ஏன் வீட்டுக்கு லேட்டாக அனுப்பினோம் என்று சுற்றிக் காட்டுவார்கள். ரத்னா வரவில்லை. கண்ணப்பன் டிபன் பாக்ஸுக்காகப் போனார்.

சுற்றிக் காட்டிய சூப்பர்வைசர் கலைமணி எல்லோரையும் ஒரு கண்ணாடி அறைக்கு வெளியே நிறுத்தினார். உள்ளே டாஷ்போர்டு ஒன்றை மட்டும் தனியாக ஒரு மேஜையில் முடுக்கி வைத்திருந்தார்கள். அதன் இடது பக்க மூடிமேல் டீ குடித்த காகிதக் கப் ஒன்று.

"யாரும் கண்ணை இமைக்காதீங்க" என்றார் கலைமணி.

கண்ணப்பன் இமைத்துவிட்டார். டப்பென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தபோது பை தொங்கிக்கொண்டிருந்தது, புகை மிதந்தது, கப்பைக் காணோம்.

"இன்னொரு தபா போடுங்க சார்."

"பெரியவரே, இது இன்னா பட்டாசா?"

கப் எங்கே என்று எல்லோரும் தேடினார்கள். மேலே கூரைக்கு அடித்திருந்த அட்டையில் வட்டமாக ஒரு வெட்டு இருந்தது. கப் அதில் விளிம்பு வரை இறங்கியிருந்தது. காகிதக் கப். கண்ணப்பன் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டு முருகன் பித்தளை. கையில் வேல் வேறு.

பிரியாணி இறங்கவில்லை. டிபன் பாக்ஸை வாங்க மறந்துவிட்டார். அந்த வட்டாரத்தில் அப்படி ஒருவர் மறந்தது அதுவே முதல் தடவை என்று கம்பெனியில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

மறுநாளிலிருந்து கண்ணப்பன் வண்டியை ஓட்டினார் என்று சொல்ல முடியாது. கூட நடந்தார் என்று சொல்லலாம். சைக்கிள்காரர்கள் முந்தினார்கள். பால்கேன் கட்டிய மொபெட் முந்தியது. வல்லக்கோட்டைக்கு வேண்டுதலுக்காக முட்டிபோட்டுப் போன ஒரு பெண்மணி வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, "ஓரமா போய்யா, சாமிக்கு நேரமாவுது" என்று திட்டினாள்.

"இன்னாய்யா ஆச்சி உனுக்கு? மிஷின் நேரம் போச்சின்னா நர்ஸு கத்தும்" என்றாள் ரத்னா.

"ரோடு சரியில்ல."

"ரோடு நல்லாத்தான் கீது. நீதான் சரியில்ல."

"பின்னாடி போய் குந்தேன் ரத்னா. காலை நீட்டிக்கலாம். அவ்ளோ எடம் கீது."

"எனுக்கு முன்னாடிதான் தோதா கீது."

பையையே கழற்றிவிட்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தார். அந்த வண்டியின் ஒயரைத் தெரிந்தவர் யாரும் ஊரில் இல்லை. மணிமங்கலத்தில் ஒருவன் இப்படித்தான் ஏதோ ஒரு காரின் பையை நோண்டப்போய் விரலைக் கொடுத்துவிட்டு வந்தான் என்று சொல்லி எல்லா மெக்கானிக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மெர்சியும் கைவிரித்தாள். "எனக்கு மூடிதான் மாமா தெரியும்" என்றாள்.

முருகனைப் பெயர்த்துவிடலாம் என்று கூட்ரோட்டில் கார்க் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அருள்பாண்டியிடம் போனார். அருள்பாண்டி தென்காசிப் பக்கத்து ஆள். பிழைக்க வந்து ரொம்ப நாளாகியும் பேச்சை மட்டும் ஊரிலேயே வைத்திருந்தான். உடைந்த கண்ணாடிகளின் பசையை மெல்லிய எஃகுக் கம்பியால் அறுத்து எடுப்பது அவன் தொழில். வண்டிக்குள் குனிந்து பார்த்தான். நகத்தால் பசையைச் சுரண்டினான்.

"அண்ணாச்சி, இது லைன் பசைல்லா. யாரு ஒட்டுனது?"

"என் புள்ள."

"நல்லா ஒட்டியிருக்கான். அறுத்துரலாம். ஆனா மூடியும் சேந்து பிஞ்சிரும். பெறவு பை எந்நேரம் என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க." கொஞ்சம் நிறுத்தினான். "இங்கன ஒரு கைரேகை கெடக்கே. கம்பி சரியா அது ஊடால போவும். பரவால்லையா?"

கண்ணப்பன் கையை நீட்டி ரேகையை மூடிக்கொண்டார்.

அருள்பாண்டி கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டான். "பழைய வண்டிதான அண்ணாச்சி. வெள்ளத்துல வேற மெதந்திருக்கு. பையெல்லாம் எப்பமோ செத்திருக்கும். சும்மா பயப்படுதிய."

வேறு வண்டியாக இருந்தால் கண்ணப்பனும் அப்படி நினைத்து நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் இந்த வண்டியில் இதுவரை சிகரெட் பற்றவைக்கிற சாதனம்கூடக் கெட்டுப்போகவில்லை. கண்ணப்பன் சிகரெட்டை விட்ட பிறகும் அது தினமும் சூடாகிக் காத்திருந்தது. பை மட்டும் சாகுமா? எந்த நேரத்தில் வேலை கொடுத்தாலும் செய்யும். அந்த வண்டியின் குணம் அப்படி.

அதற்கடுத்த தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சிக்னலில் நின்றார்கள். ரத்னா வெளுத்துப்போய்ச் சாய்ந்திருந்தாள். விரல் மட்டும் பசைமேல் இருந்தது. கண்ணப்பனால் அடக்க முடியவில்லை.

"ரத்னா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. மெர்சி சொன்னது நெசம். நான் என் கண்ணால பாத்தேன். காயிதக் கப்பு ஒண்ணு…"

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"மெர்சி அப்பவே போன்ல படம் காமிச்சிச்சி. நீ இன்னாத்த பாத்த, அதுல மெதுவா ஓட்டிக் காமிக்கிறான். மூடி எப்பிடி தொறக்குது, இன்னா வேகம், எல்லாம் பாத்தேன்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். கண்ணப்பன் கியரைப் போடவில்லை.

"தெரிஞ்சிக்கினேவா குந்திக்கினு வர்ற?"

"தெரிஞ்சதாலதான்."

அவள் குரலில் எந்த ஏற்றமும் இல்லை. ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் ஒண்ணும் அவசரப்படல. மிஷினுக்கு வர்றேன், ஊசி குத்திக்கிறேன், எல்லாம் செய்யுறேன். எப்ப வருதோ அப்ப வரட்டும். அவன் கையால வெச்சது. நீ வண்டியை எடு, பின்னாடி கத்துறான்."

கண்ணப்பன் வண்டியை எடுத்தார். வீடு வரும்வரை ரோட்டையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. வேலின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டால், வண்டிக்கு வழி தெரியும் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

*

அடுத்த ஆஸ்பத்திரி நாள். ரத்னா துண்டும் தண்ணீர் பாட்டிலும் போட்ட பையை எடுத்துக்கொண்டு வந்து இடது கதவைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

உள்ளே முருகன் இருந்தார். எதிரே சீட் இல்லை. சீட் இருந்த இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகளும், எப்போதோ தொலைந்த ஒரு கொலுசுத் திருகும், அந்தக் காலத்துப் பொரி கொஞ்சமும் கிடந்தன. சீட் வாசலில் முருங்கை மரத்தடியில் இருந்தது. அதற்குள் ஒரு கோழி அதில் ஏறி உட்கார்ந்து, காரில் போவதுபோல் அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"சீட்டு இன்னா ஆச்சி?"

"ரிப்பேரு" என்றார் கண்ணப்பன். கையில் இன்னும் ஸ்பேனர் இருந்தது.

"இந்த வண்டில? ரிப்பேரு?"

"பின்னாடி குந்து ரத்னா. அங்கேர்ந்து பாத்தாலும் முருகன் தெரிவாரு."

ரத்னா கதவைச் சாத்தினாள். மரத்தடிக்குப் போய்க் கோழியை விரட்டிவிட்டுச் சீட்டில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சீட்டு எங்க கீதோ அங்கதான் நான்."

"மிஷினுக்கு நேரம் ஆவுது."

"ஆவட்டும்."

கண்ணப்பன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அவள் மரத்தடிச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் முன்னால் பார்த்தபடி, ஒரே வண்டியில் போகிறவர்கள் மாதிரி, ஆனால் நடுவில் பத்தடி வாசலோடு இருந்தார்கள். தெருவில் போன பக்கத்து வீட்டு வனமாமலை நின்று பார்த்துவிட்டு, "இன்னா மாமா, வண்டி ரெண்டா பிரிஞ்சி போச்சா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் போய்விட்டான். வெயில் ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கண்ணப்பன் எடுக்கவில்லை. ரத்னாவின் கால் வீங்கிக்கொண்டு வருவது அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது. கால் வீங்கினால் அடுத்தது மூச்சு. சீட்டைத் திரும்ப மாட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். இப்படிச் சாவதா, அப்படிச் சாவதா என்று இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் மனிதன் எதைத்தான் எடுப்பான். ஸ்பேனரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து மெர்சி இறங்கினாள். வாசலைப் பார்த்தாள். வண்டிக்குள் பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக மரத்தடிக்குப் போய் ரத்னாவின் காலைத் தொட்டு அழுத்தினாள். அழுத்திய இடம் குழியாக நின்றது.

"அத்தை, எழுந்திருங்க."

"நீ உள்ள போ. சோறு கீது."

"அவரு போனப்ப என் கையைப் புடிச்சிக்கினு இன்னா சொன்னீங்க?"

ரத்னா மடியிலிருந்த பையைச் சரிசெய்தாள்.

"'நீயும் பூடாதடி'ன்னு சொன்னீங்க. எங்க அண்ணனுங்க வந்து வாசல்ல நின்னாங்க. நான் போனனா?"

விரட்டிய கோழி திரும்ப வந்து சீட்டுக்கு அடியில் புகுந்தது.

"என்னை இங்க நிறுத்தி வெச்சிட்டு நீங்க மட்டும் கெளம்புறீங்களே, இது எந்த ஊரு நாயம்?"

மெர்சி அழவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவளுக்கு அழ எங்கே தெம்பு. ரத்னா கொஞ்ச நேரம் மருமகளின் யூனிபாரத்தில் குத்தியிருந்த பெயர் வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். மெர்சி தூக்கிவிட்டாள்.

பின்சீட்டில், டிரைவருக்குப் பின்னால் உட்கார வைத்துப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள் மெர்சி. டக்கென்ற சத்தம் கேட்டதும் ரத்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அப்படித்தான். வருவாள், பெல்ட்டை மாட்டவிடுவாள், பேச மாட்டாள். கண்ணப்பனுக்குப் பக்கத்தில் சீட் இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. அதில் தக்காளி உருண்டது, ஒரு நாள் தேங்காய் உருண்டது. முருகன் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து வேலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊரில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரும்பாலோர் நம்பியது, முருகனுக்கு எதிரே சமமாக உட்காரக் கூடாது என்று கண்ணப்பன் கனவு கண்டார் என்பதை. கண்ணப்பன் மறுக்கவில்லை.

சீட் போன பிறகுதான் அவர் பழைய வேகத்துக்கு வந்தார்.

*

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு பகல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறார்கள். மெர்சி வேலையில் இருந்தாள். முன்னால் போன டிரெய்லர்க்காரனுக்கு ரோட்டோரம் டீக்கடையைப் பார்த்ததும் டீ நினைவு வந்தது. கையும் காட்டவில்லை, விளக்கும் போடவில்லை, நின்றான். கண்ணப்பன் பிரேக்கை மிதித்தார். பிரேக் ஏமாற்றவில்லை, பிடித்தது. ரோடுதான் பிடிக்கவில்லை. லாரிகள் சிந்திவிட்டுப் போன மண் மழையில் குழைந்து சேறாகியிருந்தது. வண்டி வழுக்கிக்கொண்டே போய் டிரெய்லரின் பின்பக்கத்தில் முட்டியது.

டப்.

ஒரு சத்தம்தான் கேட்டது. இரண்டு பையும் சேர்ந்து வெடித்த சத்தம். கண்ணப்பன் பைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். மூக்கில் ரத்தம். வண்டிக்குள் வெள்ளைத் தூள் மிதந்து இருவர் தலையிலும் விபூதிபோல் படிந்தது.

"ரத்னா!"

கதவைத் தள்ளி இறங்கி, பின்கதவைத் திறந்தார். ரத்னா பெல்ட்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. அவள் முன்னால் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு நீள வண்டியின் கடைசியில், பின்கண்ணாடியின் இடது பக்கம், ஒரு சாண் உயரத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாக மழை உள்ளே வந்துகொண்டிருந்தது. டாஷ்போர்டில் மூடியைக் காணோம். முருகனையும் காணோம். முன்சீட் இருந்த இடத்துக்கு மேலே, ஒரு ஆள் உட்கார்ந்தால் நெற்றி எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் வெள்ளைத் தூளைக் கிழித்துக்கொண்டு ஒரு கோடு போயிருந்தது என்று கண்ணப்பன் பிற்பாடு சொன்னார். தூளில் கோடு நிற்குமா என்று கேட்டவர்களுக்கு, அன்றைக்கு நின்றது என்று பதில் சொன்னார்.

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஓட்டையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"எமனை மறிச்சிட்டு முருகன் எழுந்து பூட்டாருய்யா! நேரா வல்லக்கோட்டைக்கு!"

வல்லக்கோட்டை எதிர்த்திசையில் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கண்ணப்பன் மழையில் நடந்து போய்த் தேடினார். வெகு தூரத்தில், ரோட்டு நடுவில் வைத்த அரளிச் செடிக்கு அடியில் முருகன் கவிழ்ந்து கிடந்தார். வேல் வளைந்திருந்தது. மயிலுக்கு ஒரு கால் இல்லை. பீடத்தின் அடியில் மூடி முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி கவிழ்ந்தாலும் முருகன் கவிழ மாட்டார் என்று சொன்னவனின் பசை, மூடியைப் பெயர்த்துக்கொண்டு வந்ததே தவிர, முருகனை விடவில்லை. கட்டைவிரல் ரேகையில் ஒரு கீறல்கூட இல்லை.

கொண்டுவந்து ரத்னாவின் மடியில் வைத்தார். திட்டுவாள் என்று நினைத்தார். என்னை ஏன் போகவிடவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தார். ரத்னா முருகனைத் திருப்பி, ரேகைமேல் விரலை வைத்தாள். பிறகு வளைந்த வேலைப் பார்த்தாள். பிறகு பின்கண்ணாடி ஓட்டையைப் பார்த்தாள். தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முருகனை முந்தானையில் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

கண்ணப்பன் போய்ச் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி திருப்பினார். ஒரு முனகல்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நின்னு போச்சி ரத்னா."

பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் அவரோடு பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

"அப்ப நாளன்னிக்கு மிஷினுக்கு எதுல போறது?"

கண்ணப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஷேர் ஆட்டோதான்."

ஒரகடம் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோ ஒன்று கூட்டத்தைப் பார்த்து நின்றது. கண்ணப்பன் ரத்னாவின் பெல்ட்டைக் கழற்றி இறக்கி, மழையில் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். அவள் ஏறுவதற்கு முன் உள்ளே குனிந்து சீட்டின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

"இதுல பெல்ட்டு கீதா?"

ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு, முந்தானைக்குள் எதையோ கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவியை மேலும் கீழும் பார்த்தான்.

"பெல்ட்டா? யக்கா, அந்தக் கம்பியைப் புடிச்சிக்கோ."

ரத்னா ஏறி உட்கார்ந்து கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.